பத்து மீட்டர் தள்ளி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்கம்மா, எனக்கு வேண்டாம். செங்கல்பட்டு தாண்டுறதுக்குள்ள மூணு தடவை என் போனை எட்டிப் பார்த்துட்டீங்க. கேட்க வேண்டியதுதானே? ஆமா, அந்தப் படத்துல சிவப்புக் கோட்டு போட்டுட்டு நிக்கிறது நான்தான். பின்னால படுத்திருக்கிறது பாறை இல்லை. கடல்சிங்கம். முந்நூத்தம்பது கிலோ, நானூறு கிலோ இருக்கும்னு சொன்னாங்க. அதுக்கும் எனக்கும் ஒரு வழக்கு உண்டு. கோவில்பட்டி வர இன்னும் நேரம் இருக்கு, சொல்றேன்.

என் பேரு செண்பகவல்லி. கேர்ள்ஸ் ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. முப்பத்திரண்டு வருஷம். எங்க ஊரு ஹாக்கிக்குப் பேர் போன ஊரு, தெரியும்ல? ஆம்பளைப் பசங்க மட்டும்தான் மட்டையைத் தூக்கிட்டுத் திரிஞ்சாங்க. பொம்பளைப் புள்ளைங்க கையில மட்டையைக் குடுத்தது நான். எத்தனை பேரு சண்டைக்கு வந்தாங்க தெரியுமா? சரி, அது வேற கதை.

கப்பல்ல போறேன்னதும் ஊரே கேட்டுச்சு. ரிட்டயர் ஆனவங்க காசிக்குப் போவாங்க, நீங்க என்ன டீச்சர் தெற்கே போறீங்கன்னு. தெற்குன்னா கன்னியாகுமரியோட முடிஞ்சு போச்சுன்னு யார் சொன்னா? என் தம்பி தாமோதரன் வீட்டுக்கே வந்துட்டான். "அக்கா, அறுபத்தாறு வயசுல இது தேவையா? ஆளே இல்லாத தீவாம். அங்க உனக்கு ஒண்ணுன்னா யார் இருக்கா?"ன்னான். "ஆள் இருக்கிற இடத்துல எனக்கு ஒண்ணுன்னப்போ யார் வந்தா?"ன்னேன். போயிட்டான்.

ஆனா உண்மையைச் சொல்லணும். நானா கேட்டு ஏறலை. டிக்கெட் எடுத்தது என் மக தேன்மொழி. ஒரே மக. நர்சு. நியூசிலாந்துல தெற்குக் கோடியில இன்வர்கார்கில்னு ஒரு ஊரு, அங்க வேலை. மருமகன் சுகுமாரன் வெலிங்டன்ல கம்ப்யூட்டர் கம்பெனியில. ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு கடலே இருக்கு. முதல்ல சேர்ந்துதான் இருந்தாங்க. அப்புறம் இவளுக்கு இந்த ஊர்ல வேலை கிடைச்சுதுன்னு வந்துட்டா. வேலைன்னா அப்படித்தானேன்னு நினைச்சேன். நான் விசாரிக்காத அம்மா இல்லை. வாராவாரம் விசாரிச்சேன். "மாப்பிள்ளை நல்லா இருக்காரா?" "இருப்பாரும்மா." எப்பவும் இதே பதில். 'இருக்காரு'ன்னு சொல்லலை பாருங்க, 'இருப்பாரு'ன்னு சொல்லியிருக்கா. எனக்குக் காதுல விழலை. போன்ல சரியாவா கேட்குது? தீபாவளிக்குத் தீபாவளி அவருக்குப் பிடிக்கும்னு சாத்தூர் காராச்சேவு ரெண்டு கிலோ பார்சல் அனுப்புவேன். "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?"ன்னா "தீர்ந்துருச்சும்மா"ம்பா. நானும் சந்தோஷமா அடுத்த பார்சலைக் கட்டுவேன்.

போன தீபாவளி முடிஞ்சதும் கூப்பிட்டா, ஜனவரியில கப்பல்ல போகலாம்னு. "நீயும் நானும் மட்டும் போறோம்மா. எட்டு நாள். எனக்கு அந்த ஆல்பட்ராஸ் பறவையைப் பார்க்கணும். ரொம்ப வருஷத்து ஆசை." நானும் அவளும் மட்டும்கிறா! எனக்குத் தலைகால் புரியலை.

எண்பது பேர் போற சின்னக் கப்பல். ஏறினதும் முதல் வேலை என்ன தெரியுமா? சோதனை. அந்தத் தீவுகள்ல வெளியூரு விதை ஒண்ணு விழுந்தாலும் முளைச்சுப் பரவிருமாம். செருப்போட அடிப்பக்கம், பை, கோட்டு மடிப்பு எல்லாத்தையும் வேக்குவம் வச்சு உறிஞ்சுறாங்க. என் ஸ்வெட்டர் பையில இருந்து ஒரு எள்ளு எடுத்தாங்கம்மா. ஒரே ஒரு எள்ளு. முறுக்குல இருந்து உதிர்ந்தது. அதை இடுக்கியில பிடிச்சு எல்லாருக்கும் காட்டினா ஒருத்தி. ஃபியோனான்னு பேரு, அவதான் அந்தப் பயணத்துக்கு லீடர். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. அன்னைக்கே எனக்கும் அவளுக்கும் ஆகலை.

முதல் ரெண்டு நாள் ஃபியர்டு. மலை செங்குத்தா நிக்கும், கடல் அதுக்கு நடுவுல வாய்க்கால் மாதிரி உள்ள போகும். மழை பெஞ்சா மலை பூரா அருவி. வீடு கிடையாது, ரோடு கிடையாது, போன்ல சிக்னல் ஒரு புள்ளி கிடையாது. கப்பலை நிறுத்திட்டாங்க. அவ்வளவு அமைதி. மேல்தளத்துல நானும் அவளும் ரெயின்கோட்டோட நிக்கிறோம். அப்ப சொல்றா.

"அம்மா, நானும் சுகுமாரனும் பிரிஞ்சுட்டோம்."

"எப்ப?"

"பிரிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. கோர்ட்டுல எழுதிக் குடுத்து முடிச்சே மூணு மாசம் ஆச்சு."

"இதை இங்க வச்சா சொல்வே?"

"வீட்டுல சொன்னா எழுந்து போயிருவே. போன்ல சொன்னா வச்சிருவே."

எழுந்து போகத்தான் பார்த்தேன். எங்க போறது? சுத்தித் தண்ணி. இருந்தாலும் போனேன். கப்பலோட அந்தப் பக்கத்துக்குப் போய் நின்னேன். அங்கயும் அதே மழை, அதே அருவி.

என் கோவம் பிரிஞ்சதுக்கு இல்லைம்மா. அதுவும்தான், ஆனா அது அப்புறம். ரெண்டு வருஷமா என்கிட்டச் சொல்லலைல? காராச்சேவை யார் தின்னா? இவளே தின்னிருக்கா. மூணு தடவை சொல்ல வந்தாளாம். நான் பேச விடலையாம். நான் எப்பம்மா பேச விடாம இருந்தேன்? கேட்டவங்ககிட்ட எல்லாம் "என் மருமகன் தங்கம்"னு சொல்லியிருக்கேன். ஊருக்கு முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டாளா இல்லையா?

பேச்சை நிறுத்திட்டேன். ஒரே ரூம், ரெண்டு கட்டில், நடுவுல நாலடி. அதுல அஞ்சு நாள் பேசலை. ரூமைச் சுத்தம் பண்ண ஜாஸ்லின்னு ஒரு பிலிப்பைன்ஸ் பொண்ணு வருவா. தங்கமான பொண்ணு. அவகிட்டச் சொல்லுவேன்: "ஜாஸ்லின், டெல் ஹர், ஹர் டீ இஸ் கெட்டிங் கோல்ட்." அவ திரும்பி தேன்மொழியைப் பார்த்து, "மேடம், யுவர் மதர் சேஸ்..."ன்னு ஆரம்பிப்பா. பாவம், அவளுக்கு எங்க சண்டை என்னன்னே தெரியாது. ரெண்டாவது நாள்ல இருந்து ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி பெருமூச்சு விடுறது வெளியிலேயே கேட்கும்.

எனக்கு இது புதுசில்லை. தேன்மொழி அப்பா இருந்தாரு. தீப்பெட்டிக் கம்பெனியில மேனேஜர். நல்ல மனுஷன். குடி இல்லை, சீட்டு இல்லை. கோவம் வந்தா பேச மாட்டாரு, அவ்வளவுதான். ஒரு தடவை நாலு மாசம். இன்னொரு தடவை ஸ்கூல் டீமைக் கூட்டிட்டுச் சேலம் போனதுக்கு ஆறு மாசம். முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. நான் என்ன விட்டுட்டா போயிட்டேன்? அவரு போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. சாகிற வரைக்கும் வேளைக்குச் சோறு போட்டேன்.

ஃபியர்டு முடிஞ்சு திறந்த கடலுக்கு வந்ததும் கப்பல் ஆட ஆரம்பிச்சுச்சு. தட்டு ஓடுது, நாற்காலி ஓடுது. எனக்கு ஒண்ணும் ஆகலை. சாப்பாட்டு ஹால்ல எண்பது பேர்ல பதினோரு பேருதான், அதுல நான் ஒருத்தி. தேன்மொழி சுருண்டுட்டா. நர்சுதானே, ஊருக்கு ஊசி போடுறவ, தன்னைப் பார்த்துக்க முடியலை. ஒண்ணரை நாள் வாந்தி. ராத்திரி பூரா அவ கட்டிலோரம் உக்காந்து பையைப் பிடிச்சேன், வாயைத் துடைச்சு விட்டேன். பேசலை. பையைப் பிடிக்கிறதுக்குப் பேச வேண்டியதில்லையே.

அப்புறம் அந்தத் தீவு வந்துச்சு. என்டர்பின்னு பேரு. ரப்பர் போட்டுல பத்துப் பத்துப் பேரா இறக்கினாங்க. மணல் பூரா கடல்சிங்கம். மூட்டை அடுக்கின மாதிரி படுத்திருக்கு. இறங்குறதுக்கு முன்னாடி ஃபியோனா பாடம் நடத்தினா. பத்து மீட்டர் தள்ளியே நிக்கணும். பக்கத்துல வந்தா ஓடக் கூடாது. முதுகைக் காட்டக் கூடாது. அப்படியே நிக்கணும். இன்னும் ஏதோ சொன்னா, காத்துல கேட்கலை. கேட்டது வரைக்கும் சரியாத்தான் செஞ்சேன்.

தேன்மொழி பிடிவாதமா இறங்கிட்டா. மூஞ்சியில ரத்தமே இல்லை. நான் பத்தடி பின்னால வர்றேன், பேச்சு கிடையாது. மணலுக்கும் புல்லுக்கும் நடுவுல ஒரு தடம். அங்க தலை சுத்துதுன்னு அப்படியே உக்காந்துட்டா. அந்த நேரம் பார்த்து உசரமான புல்லுக்குள்ள இருந்து ஒண்ணு வெளியில வருது. ஆம்பளைச் சிங்கம். கழுத்துல பிடரி. நீங்க நினைக்கிற மாதிரி மெதுவா ஊர்ந்து வராதும்மா, பாய்ஞ்சு வருது. நேரா அவளைப் பார்த்து.

நான் யோசிக்கலை. யோசிச்சேன்னு சொன்னா பொய். எப்படிப் போனேன்னு தெரியாது, அவளுக்கும் அதுக்கும் நடுவுல நிக்கிறேன். மூச்சைப் பிடிச்சு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க: "ஏய்! நில்லு அங்க!"

நின்னுச்சும்மா. தமிழ்லதான் சொன்னேன், நின்னுச்சு.

வாயைத் திறந்து என்னைப் பார்த்து ஒரு சீறல். அழுகின மீன் நாத்தம். பல்லு இந்தா, என் கட்டை விரல் தண்டி. கையில ஊன்றுகோல் இருந்துச்சு. அதோட மூக்குக்கு ஒரு முழம் முன்னால தரையில ஓங்கி ஒரு அடி. "போ! போங்கிறேன்ல!" அது போகலை, நானும் போகலை. அதுக்குள்ள ஃபியோனா வந்துட்டா. சத்தமே இல்லாம என் முழங்கையைப் பிடிச்சு, "மூவ் அசைட், மேடம், ப்ளீஸ்"னு ரெண்டு எட்டு ஓரமா இழுத்தா. இன்னொரு கையால தேன்மொழியைத் தூக்கி விட்டா. அந்த ஜென்மம் எங்களைத் தாண்டி நேராக் கடலுக்குள்ள போயிருச்சு. திரும்பிக்கூடப் பார்க்கலை.

எல்லாரும் வந்து என் கையைக் குலுக்குவாங்கன்னு நினைச்சேன். ஒருத்தரும் வரலை. சாயங்காலம் ஃபியோனா என்னைத் தனியாக் கூப்பிட்டு உக்கார வச்சா. விலங்கைப் பார்த்துக் கத்தினது தப்பாம். கம்பால அடிச்சது அதைவிடத் தப்பாம். "அடுத்த தீவுல நீங்க இறங்க வேண்டாம்."

நான் அரசாங்கத்துல வேலை பார்த்தவம்மா. "வாயால சொல்லாதீங்க, மெமோ குடுங்க"ன்னேன். அவளுக்கு மெமோன்னா என்னன்னு புரியலை. சரி, மெமோ தராட்டிப் போகட்டும்னு நானே ரெண்டு பக்கம் இங்கிலீஷ்ல விளக்கம் எழுதிக் குடுத்தேன். ஓடலை, முதுகைக் காட்டலை, நின்னேன், எந்த விதியை மீறினேன்னு கேட்டு எழுதினேன். ஒரு வரி விடாமப் படிச்சா. "தேங்க் யூ ஃபார் ரைட்டிங் திஸ்"ன்னா. ஆனா தண்டனை தண்டனைதான். கல்லுளிமங்கி. எங்க ஸ்கூலுக்கு இப்படி ஒரு ஹெச்.எம். கிடைச்சிருந்தா நல்லா இருந்திருக்கும், அதுவும் சொல்லணும்.

அடுத்த தீவு கேம்பல். அங்கதான் அந்த ஆல்பட்ராஸ். மலை மேல ஏறிப் போனா புல்லுக்குள்ள கூடு கட்டி உக்காந்திருக்குமாம். காலையில எல்லாரும் கோட்டு மாட்டிட்டு வரிசையா நிக்கிறாங்க. நான் மேல்தளத்துல நாற்காலி போட்டு உக்காந்து போட்டு போறதை எண்ணிக்கிட்டு இருக்கேன். கடைசிப் போட்டும் போயிருச்சு. திரும்பிப் பார்த்தா தேன்மொழி நிக்கிறா. கையில ரெண்டு கப் டீ.

ஜாஸ்லினைத் தேடினேன். ஆளைக் காணோம். வேற வழி இல்லாம நானே கேட்டேன், "ஏன், நீ போகலையா?"

"இல்லை."

"அதைப் பார்க்கத்தானே வந்தே?"

"ஆமா."

டீயைக் குடுத்தா. வாங்கினேன். பக்கத்துல உக்காந்தா. "அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதே. அந்தச் சிங்கம் என்னைக் கடிக்க வரலை. தண்ணிக்குப் போக வந்துச்சு. நீ வழியில நின்னே, அதான் சீறுச்சு. வழியில நிக்காதீங்க, ஒதுங்கி விடுங்கன்னுதான் ஃபியோனா முதல்லயே சொன்னாங்க"ன்னா.

"இருக்கட்டும். நான் நின்னேனா இல்லையா?"

"நின்னே."

"திரும்ப வந்தாலும் நிப்பேன்."

"தெரியும்மா."

அவ சிரிச்சா. நான் சிரிக்கலை. அப்புறம் டீ கப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே சொல்றா:

"சின்னதுல அப்பா என்கிட்டச் சொல்லுவாரு, 'உங்கம்மாகிட்டச் சொல்லு, சட்டையில பட்டன் இல்லை'ன்னு. நீ சொல்லுவே, 'உங்கப்பாகிட்டச் சொல்லு, பட்டன் தைச்சு பீரோவுல இருக்கு'ன்னு. ரெண்டு பேரும் அடுத்தடுத்துதான் உக்காந்திருப்பீங்க. நான் நடுவுல நின்னு ரெண்டு பேருக்கும் சொல்லுவேன். இந்த அஞ்சு நாளா ஜாஸ்லினைப் பார்க்கப் பார்க்க எனக்கு அதான் ஞாபகம் வருது."

நான் கப்பைக் கீழ வச்சேன்.

"எனக்கும் சுகுமாரனுக்கும் வேற பிரச்சனை எதுவும் இல்லைம்மா. அடிக்கலை, யாரும் யாரையும் ஏமாத்தலை. ஏதோ ஒரு சின்னச் சண்டை. எதுக்குன்னே இப்ப ஞாபகம் இல்லை. அவன் பேசலை, நானும் பேசலை. எட்டு மாசம். நடுவுல நின்னு சொல்றதுக்கு ஒரு புள்ளைகூட இல்லை. அப்படி ஒரு புள்ளை பிறந்து நடுவுல வந்து நின்னுறக் கூடாதுன்னு பயந்துதான் வந்துட்டேன்."

என்ன பதில் சொல்வீங்க இதுக்கு? சொல்லுங்க பார்ப்போம். டீ ஆறிப் போச்சு. அப்ப தலைக்கு மேல ஒரு நிழல் போச்சு. நிமிர்ந்தா, அதுதான். ஆல்பட்ராஸ். ஆளு நீளத்துக்கு ஒவ்வொரு இறக்கையும். ஒரு தடவைகூட அடிச்சுப் பறக்கலை, விரிச்சது விரிச்சபடி கப்பலை ரெண்டு சுத்து சுத்துச்சு. தேன்மொழி எழுந்து நின்னு வாயைப் பொத்திக்கிட்டு அழுவுறா. மலை ஏறிப் போனவங்க உக்காந்திருக்கிற பறவையைத்தான் பார்த்தாங்க. நாங்க பறக்கிறதைப் பார்த்தோம். என்னை இறக்காம விட்டதுல ஃபியோனாவுக்குத்தான் நட்டம்.

அன்னைக்கு ஏதோ நான் மனசு மாறிட்டேன்னு நினைச்சுராதீங்க. நான் ஒத்துக்கலை. இப்பவும் ஒத்துக்கலை. பேசித் தீர்த்திருக்கணும், யாராவது ஒருத்தர் முதல்ல வாயைத் திறந்திருக்கணும். எட்டு மாசம் பேசாம இருக்கிறதெல்லாம் ஒரு பழக்கமா? எங்க இருந்து வந்துச்சோ அந்தப் பழக்கம். ஆனா ஒண்ணு, அன்னைக்கு ராத்திரியே ஜாஸ்லினைக் கூப்பிட்டு, "நோ மோர் மெசேஜ்"னு சொல்லிட்டேன். அவ என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா.

இது நடந்தது ஜனவரி. போன மாசம் தாமோதரன் மகன் கல்யாணம். தேன்மொழி லீவு போட்டுட்டு வந்தா. தம்பிங்கிறதால தாமோதரன்கிட்ட மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். முந்தின நாளே அவன் என் வீட்டுக்கு வந்து சொல்லிட்டான். "அக்கா, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கலைன்னு ஒரே பேச்சாச் சொல்லிருவோம். பொண்ணு வீட்டுக்காரங்க புதுசு. நல்ல காரியத்துல இதெல்லாம் வேண்டாம்." தேன்மொழி தலையைக் குனிஞ்சுக்கிட்டா. என் மக தலையைக் குனிஞ்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

கல்யாணப் பந்தியில உக்காந்திருக்கோம். எதிர்வரிசையில சுகுமாரனோட அத்தை, சரோஜினின்னு பேரு, எங்களுக்கும் ஒரு வழியில சொந்தம். அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சேதான் கேட்குது, நாலு இலைக்குக் கேட்கிற மாதிரி: "ஏன் தேனு, எங்க சுகுமாரன் வரலையா? தனியாவா வந்தே?"

தேன்மொழி இலையையே பார்த்துட்டு இருக்கா. தாமோதரன் சாம்பார் வாளி பக்கத்துல நின்னுக்கிட்டு எனக்குக் கண்ணைக் காட்டுறான். லீவு, லீவுன்னு உதட்டை அசைக்கிறான்.

நான் எழுந்து நின்னேன். மைக் எனக்கு எப்பவும் தேவைப்பட்டதில்லை.

"வரலை. இனிமே வர மாட்டாரு. அவங்க ரெண்டு பேரும் பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. கோர்ட்டுலயும் முடிஞ்சிருச்சு. அவரும் நல்ல புள்ளை, இவளும் நல்ல புள்ளை. வேற யாருக்காவது ஏதாவது கேட்கணுமா? கேட்கணும்னா என்னைக் கேளுங்க. அவ சாப்பிடட்டும்."

அம்புட்டுப் பேரு சாப்பிட்டுட்டு இருந்தாங்க, ஒரு கை வாய்க்குப் போகலை. பொண்ணு வீட்டுக்காரரு ஒருத்தரு பாயசத்தைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறாரு. "இங்க ஊத்துங்க, என் மக இலைக்கு"ன்னேன். ஊத்தினாரு.

தாமோதரன் அன்னைக்கோட பேச்சை நிறுத்திட்டான். நிறுத்தட்டும். நான் நிறுத்தலை. தினமும் காலையில ஏழு மணிக்கு அவனுக்குப் போன் அடிக்கிறேன். எடுக்க மாட்டேங்கிறான். அடிச்சுக்கிட்டேதான் இருப்பேன்.

மண்டபத்துல இருந்து ஆட்டோவுல திரும்பி வர்றோம். தேன்மொழி கேட்கிறா, "ஏம்மா அவ்வளவு சத்தமாச் சொன்னே? அந்தம்மா காதுக்கு மட்டும் சொல்லியிருக்கலாம்ல?"

"மெதுவாச் சொன்னா நாப்பது தடவை சொல்லணும்டி. சத்தமாச் சொன்னா ஒரு தடவை போதும்."

அவ சிரிச்ச சிரிப்புல ஆட்டோக்காரன் வண்டியை ஓரங்கட்டிட்டுத் திரும்பிப் பார்த்தான்.